ஸ்லோ குக்கரில் நாஞ்சில் நாட்டுக் காய்கறிப் பருப்பு

முதன்முறை ஸ்லோ குக்கரில் பருப்பு வைத்த அன்று, அம்மா ஒரு கவளம் உண்டுவிட்டுச் சொன்னார்: “மக்களே, பருப்பு வெந்திருக்கிறது. ஆனால் கறியாகவில்லை.”

முந்தைய இரவு பருப்பு, காய்கள், மஞ்சள்தூள், தேங்காய் அரைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பிரஷர் குக்கருக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். காலையில் பருப்பு பஞ்சுபோல வெந்திருந்தது உண்மைதான். ஆனால் தண்ணீர் ஒருபுறம், பருப்பு ஒருபுறம், திரிந்த தேங்காய் மேலே ஒரு படலம். கல்யாணப் பந்தியில் இலையில் விழும் முதல் கரண்டிப் பருப்புக்கு ஒரு மணம் உண்டே, அது துளியும் இல்லை. அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சமையலைத் திரும்பத் திரும்பச் செய்து கற்றேன். ஸ்லோ குக்கர் வேகவைக்கும் பாத்திரம். அதற்கு மணம் உண்டாக்கத் தெரியாது. மணம் பருப்பை வறுப்பதிலும் தேங்காய் எண்ணெயில் தாளிப்பதிலும் இருக்கிறது. இரண்டுக்கும் கொதிநிலையைத் தாண்டிய சூடு வேண்டும். தண்ணீர் நிறைந்த ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. ஆகவே முன்னால் பத்து நிமிடமும் பின்னால் பத்து நிமிடமும் அடுப்பருகே நின்றாக வேண்டும். நடுவில் உள்ள நான்கைந்து மணி நேரத்தை மட்டும் குக்கரிடம் விட்டுவிடலாம். 

அந்த நான்கைந்து மணி நேரம் யாருக்குத் தேவை? மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கு. இரவுப் பணி முடித்து விடிந்தபின் வீடு திரும்பும் செவிலியருக்கு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியும் முன்பே ரப்பர் வெட்டப் போகும் வீடுகளுக்கு. வீட்டிலேயே இருப்பவருக்குப் பிரஷர் குக்கர் போதும். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மெல்ல வேகும் பருப்பில் தடியங்காயும் பூசணியும் உருக்குலையாமல், உள்ளே பருப்பின் சுவை ஏறி, துண்டு துண்டாகவே கிடக்கும். விசில் விடும் பாத்திரத்தில் அது கிடைப்பதில்லை. பாட்டி காலத்தில் கொதும்பும் கதம்பையும் எரித்து, தீ அடங்கியபின் கனலில் மண்சட்டியை விட்டுவைப்பார்களே, அந்த வேக்காட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

முதலில் பாத்திரத்தைப் புரிந்துகொள்வோம்

ஸ்லோ குக்கர் என்பது அடியிலும் பக்கங்களிலும் மின்கம்பிச் சுருள் பொருத்திய ஓர் உலோகக் கூடு. அதற்குள் இறங்கும் கனமான பீங்கான் பாத்திரம். மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான். பயறு வேகவைப்பதற்கென்றே இது பிறந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். தன் பாட்டி ஊரில் இரவு முழுவதும் அடுப்பின் மிச்சச் சூட்டில் வெந்த பயறும் இறைச்சியும் சேர்ந்த உணவைப் பற்றித் தாய் சொல்லக் கேட்டுத்தான் அந்த எண்ணம் வந்ததாம். 1971-இல் வேறொரு நிறுவனம் அதைக் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தபின் உலகம் முழுவதும் பரவியது.

குமிழில் பொதுவாக மூன்று நிலைகள் இருக்கும்: லோ, ஹை, வார்ம். லோவில் வைத்தால் சூடு குறைவாகவே நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலைகளுமே கடைசியில் கொதிநிலைக்கு அருகே வந்துவிடும். ஹை சீக்கிரம் வரும், லோ நிதானமாக வரும். எனவே ஹையில் நான்கு மணி நேரம் ஆவது லோவில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். வார்ம் நிலை வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் எதையும் வேகவைக்கக் கூடாது. வேகாத பருப்பு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் கெட்டுப்போகும்.

வாங்குவதாக இருந்தால், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்றரை லிட்டர் அளவு சரியாக இருக்கும். ஒருவர் இருவருக்கு ஒன்றரை லிட்டர். பெரிதாக வாங்கிவிட்டுக் கால்வாசி நிரப்பிச் சமைத்தால் ஓரங்களில் பருப்பு காய்ந்து ஒட்டும். பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் நிரம்ப வேண்டும் என்பதே கணக்கு. பீங்கான் பாத்திரம் தனியாகக் கழற்றிக் கழுவ வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு குறைவு. பல வீடுகளில் ஸ்லோ குக்கர் அங்கிருந்து பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். துபாய், கத்தார், குவைத்திலிருந்து வந்தது என்றால் மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை. அங்கும் 220 முதல் 240 வோல்ட்தான். ஆனால் பிளக்கில் தட்டையான மூன்று கால்கள் இருக்கும், நம் சுவர்த் துளைகளில் நுழையாது. தளர்வான மாற்றியைச் செருகி மணிக்கணக்காக ஓட்டாதீர்கள். மின்பணியாளரிடம் கொடுத்து நம் மூன்று முனை பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. இரண்டு மடங்கு அழுத்தம் என்றால் சூடும் இரண்டு மடங்கு என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலான மின்சாரத்தை அது இழுக்கும். சுருள் எரிந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும்.

பருப்பைத் தேர்ந்தெடுத்தல்

நாஞ்சில் நாட்டு விருந்துப் பருப்பு என்றால் சிறுபயற்றம் பருப்பு, அதாவது பாசிப்பருப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வதும் அதையே. சீக்கிரம் வேகும், வயிற்றுக்கு இதம், சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். துவரம்பருப்பு சாம்பாருக்கு நல்லது, ஆனால் ஸ்லோ குக்கரில் அதற்கு ஒரு மணி நேரம் ஊறலும் கூடுதல் வேக்காடும் வேண்டும். செந்நிற மைசூர்ப் பருப்பு எல்லாவற்றையும்விட வேகமாகக் கரையும்; அவசரத்துக்கு உதவும், மணத்தில் பாசிப்பருப்புக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

எந்தப் பருப்பானாலும் பழையதை வாங்காதீர்கள். டப்பாவில் ஓராண்டு கிடந்த பருப்பு எத்தனை மணி நேரம் வைத்தாலும் அரிசிக் குருணைபோல நறநறக்கும். தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் சில கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அந்தத் தண்ணீரில் பருப்பின் செல்சுவர் இளகாது. சோப்பு நுரைக்காத தண்ணீர் பருப்புக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போதும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வந்துவிடும்.

ராஜ்மாவைப் பற்றி மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். பருப்புக்குப் பதில் ராஜ்மாவைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போட்டு வேகவைக்கவே கூடாது. அதில் லெக்டின் என்ற வகையைச் சேர்ந்த இயற்கை நஞ்சு இருக்கிறது. நன்றாகத் தளதளவெனக் கொதித்தால்தான் அது அழியும். மெல்லிய சூட்டில் கிடந்தால் அழிவதில்லை, வீரியம் கூடவும் செய்யும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அதன்பிறகே குக்கருக்கு மாற்ற வேண்டும். உடைத்துத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றுக்கு இந்த அச்சம் இல்லை.

வேண்டியவை

மூன்றரை லிட்டர் குக்கருக்கு, ஐந்தாறு பேர் உண்ணும் அளவு சொல்கிறேன். பாசிப்பருப்பு 250 கிராம். காய்கள் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ: தடியங்காய் ஒரு கீற்று, மஞ்சள் பூசணி ஒரு கீற்று, முருங்கைக்காய் ஒன்று, ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) ஒன்று, பிஞ்சாக நான்கைந்து சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்). சின்ன உள்ளி பத்து, பச்சை மிளகாய் இரண்டு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு.

அரைப்புக்கு அரை மூடித் தேங்காய், சீரகம் ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் மூன்று, பூண்டு இரண்டு பல், உள்ளி இரண்டு. தாளிக்கத் தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கடுகு, கொஞ்சம் உளுந்து, வத்தல் மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை இரண்டு கொத்து, நீளவாக்கில் சீவிய உள்ளி ஐந்தாறு, விரும்பினால் ஒரு சிட்டிகை காயம்.

வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக இரண்டு சொற்கள். இங்கே உள்ளி என்றால் சின்ன வெங்காயம். தடியங்காய் என்றால் மற்ற ஊர்களில் வெள்ளைப் பூசணி, சாம்பல் பூசணி என்பார்களே, அது. வடசேரி கனகமூலம் சந்தையில் போய் வெள்ளைப் பூசணி கேட்டால் புரிந்துகொள்வார்கள்; தடியங்காய் என்று கேட்டால் முகம் மலர்ந்து கீற்றுப்போட்டுத் தருவார்கள். தேங்காயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்துத் தேங்காய் கிடைத்தால் பருப்பின் முகமே மாறும். பொட்டலத்தில் வரும் உலர்ந்த துருவலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

செய்முறை

பருப்பைக் கழுவாமல் அடிகனமான வாணலியில் போட்டு, எண்ணெய் விடாமல், நடுத்தரத் தீயில் வறுங்கள். கை நிற்கக் கூடாது. ஐந்தாறு நிமிடத்தில் மஞ்சள் நிறம் லேசாகச் சிவக்கத் தொடங்கி, அடுக்களைக்கு வெளியே நிற்பவருக்கும் மணம் எட்டும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். பழுப்பாகிவிட்டால் கசக்கும், அதோடு கடினப்பட்டு வேகவும் மறுக்கும். சூடான வாணலியிலேயே விட்டுவைத்தால் தொடர்ந்து கருகும் என்பதால் உடனே ஒரு தட்டில் கொட்டி ஆறவிட்டு, பிறகு இரண்டு மூன்று முறை கழுவி வடித்துக்கொள்ளுங்கள். அன்று அம்மா காணவில்லை என்று சொன்ன கறியின் பாதி, இந்த ஐந்து நிமிட வறுப்பில்தான் இருந்தது.

அடுத்தது காய் நறுக்குவது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்லோ குக்கரில் கிழங்கும் கெட்டியான காயும் பருப்பைவிடத் தாமதமாக வேகும். சூடு அடியிலும் பக்கத்திலும்தான் இருக்கிறது. ஆகவே கெட்டிக் காய்களைச் சிறியதாகவும், நீர்க்காய்களைப் பெரியதாகவும் நறுக்க வேண்டும். ஏத்தங்காயைத் தோல் சீவி விரல்நுனி அளவுத் துண்டாக்குங்கள். தடியங்காயும் பூசணியும் கட்டைவிரல் கனத்துக்கு, முழுதாக ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில் இருக்கட்டும். முருங்கைக்காய் விரல் நீளம். சேனைக்கிழங்கு சேர்க்க ஆசைப்பட்டால் தனியாக அடுப்பில் முக்கால் வேக்காடு வேகவைத்துச் சேருங்கள். குக்கரை நம்பிப் பச்சையாகப் போட்டால் உள்ளே நறுக்கென்று இருப்பதோடு தொண்டையும் அரிக்கும்.

பாத்திரத்தின் அடியில் ஏத்தங்காயும் சீனி அவரைக்காயும். அதன்மேல் கழுவிய பருப்பு, உள்ளி, கீறிய பச்சை மிளகாய், மஞ்சள்தூள். தடியங்காயையும் பூசணியையும் முருங்கைக்காயையும் மேலே பரப்புங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டர். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சூடேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பீங்கான் பாத்திரம் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் மட்டும் கொதிநீரை ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள்.

தண்ணீர் போதாது என்று தோன்றும். கை சும்மா இருக்காது, இன்னொரு குவளை ஊற்றச் சொல்லும். வேண்டாம். அடுப்பில் வைத்த சட்டியில் ஆவி போகும். இதில் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும், ஒரு துளி வீணாகாது. போதாக்குறைக்குத் தடியங்காயும் பூசணியும் தம் நீரைவிடும். கெட்டியாகிவிட்டால் கடைசியில் கொதிநீர் ஊற்றி இளக்கலாம். நீர்த்துப்போன பருப்பைக் கெட்டியாக்க அடுப்பில் ஏற்றி வற்றவைப்பதைத் தவிர வழியில்லை.

உப்பு எப்போது என்று கேட்பவர்கள் உண்டு. உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது முழு உண்மை அல்ல. வேகவிடாமல் தடுப்பது உப்பல்ல, புளிப்பு. நான் காய்க்குச் சுவை ஏறும் அளவுக்குப் பாதி உப்பை முதலிலேயே போட்டுவிடுவேன். மீதியை இறக்கும்போது பார்த்துப் போடுவேன்.

இனி மூடி. ஹையில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். லோவில் ஏழு முதல் எட்டு. ஒவ்வொரு குக்கருக்கும் ஒரு குணம் இருப்பதால் முதல்முறை செய்வதை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை திறந்து பாருங்கள். பருப்பை இரு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவில் வெண்புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் பிறகு எப்போதும் அது உங்கள் கணக்கு. சும்மா சும்மா மூடியைத் திறந்து பார்ப்பது கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். கண்ணாடி மூடியில் நீர்த்துளி மறைத்தால் மூடியை லேசாகத் தட்டுங்கள். துளிகள் உள்ளே உதிர்ந்து வழி தெளியும்.

புளிப்பைப் பற்றி

பங்குனி, சித்திரையில் மாங்காய் வந்துவிட்டால் பருப்பில் நான்கு துண்டு போடாமல் என்னால் இருக்க முடியாது. அப்படி ஒருமுறை தொடக்கத்திலேயே மாங்காயையும் சேர்த்துப்போட்டேன். எட்டு மணி நேரம் கழித்தும் பருப்பு முழுப் பருப்பாகவே கிடந்தது. மாங்காய் மட்டும் கூழாகியிருந்தது. அமிலம் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது இளகவிடாது. எனவே மாங்காயோ தக்காளியோ புளிக்கரைசலோ, எதுவானாலும் பருப்பு முழுதும் மசிந்த பிறகுதான். மாங்காய்த் துண்டும் தக்காளியும் ஹையில் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். வேலைக்குப் போகிறவர் மாலையில் வந்து சேர்த்தாலும் போதும்.

கறியாக்குவது

பருப்பு வெந்துவிட்டது. மத்தால் கடைய வேண்டாம், காய்கள் சிதையும். அகப்பையின் முதுகால் ஓரமாக இரண்டு முறை அழுத்திக் கலக்கினால் பாதிப் பருப்பு கரைந்து குழம்பாகவும் பாதி பருப்பாகவும் நிற்கும். அந்தப் பதம்தான் அழகு.

தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், பூண்டு, உள்ளி ஐந்தையும் அரைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்போல அரைக்கக் கூடாது. அவியலுக்கு ஒன்றிரண்டாக அரைப்பதைவிடக் கொஞ்சம் நைசாக, விரலில் தேங்காய் தட்டுப்படும்படி. மிக்ஸியில் நிறைய தண்ணீர் விட்டால் சுற்றிச் சுற்றிப் பாலாகிவிடும். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மிக்ஸியைக் கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் சேர்க்கலாம்.

அரைப்பைப் பருப்பில் ஊற்றி, குக்கரை ஹையில் வைத்து மூடி, இருபது முதல் முப்பது நிமிடம். ஓரத்தில் குமிழிகள் எழுந்து, பச்சைப் பூண்டின் வாடை போய்ச் சீரகத்தின் வாசம் வர வேண்டும். உங்கள் குக்கர் அந்த அளவு கொதி காட்டவில்லையென்றால் பொறுத்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சட்டிக்கு மாற்றி அடுப்பில் ஒரே ஒரு கொதி விட்டு இறக்குங்கள். பீங்கான் பாத்திரத்தையே தூக்கி கேஸ் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அது நேரடித் தீயைத் தாங்காது. தேங்காய் அரைப்பு ஒரு கொதியோடு நின்றால்தான் மணக்கும். தொடர்ந்து கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரிந்துபோகும், முதல்நாள் எனக்கு நேர்ந்ததுபோல.

கடைசியாகத் தாளிதம். சிறு வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து ஓயும்போது உளுந்து. உளுந்து சிவந்ததும் கிள்ளிய வத்தலும் சீவிய உள்ளியும். உள்ளியின் ஓரம் பொன்னிறமாகும்வரை பொறுமையாக இருங்கள். இந்த ஒரு நிமிடப் பொறுமைதான் தாளிதத்தின் உயிர். பிறகு கறிவேப்பிலையும் காயமும். படபடவென்று ஓசை அடங்குவதற்குள் பருப்பில் கொட்டி உடனே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். வேறு எண்ணெயில் தாளித்தால் பருப்பு கெட்டுவிடாது, ஆனால் அது வேறு ஊர்ப் பருப்பு.

சம்பா அரிசிச் சோற்றில் இந்தப் பருப்பை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நெய்விட்டு, பொரித்த பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து உண்பதுதான் முறை. விருந்துகளில் சாம்பாருக்கும் முன்னால் இதுதான் வரும். விருந்துப் பருப்பில் காய் இருக்காது. நாம் காய் சேர்ப்பது ஒரே கறியில் ஒரு வேளை சாப்பாடு முடிய வேண்டும் என்பதற்காக. அவசரக் காலையில் அப்படி முடிவது பெரிய உதவி.

வேலைக்குப் போகிறவர்களின் நேரக்கணக்கு

இரவே பருப்பை வறுத்து டப்பாவில் வைத்துவிடுங்கள். காய்களை நறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஏத்தங்காயை மட்டும் தண்ணீரில் போட்டுவைத்தால் கறுக்காது. தேங்காயைத் துருவி மூடிவைக்கலாம், ஆனால் அரைக்க வேண்டாம். காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கிக் கொதிநீர் ஊற்றி லோவில் வைத்தால், மூன்று மணிக்கு வெந்து, தானாக வார்முக்கு மாறும் வகையாக இருந்தால் மாலைவரை சூடாகக் காத்திருக்கும். அந்த வசதி இல்லாத குக்கரில் மாலைவரை லோவிலேயே கிடந்தாலும் பாசிப்பருப்பு இன்னும் கொஞ்சம் குழையும், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்கு லோவில் வைத்துவிட்டுப் படுங்கள். விடியற்காலை அரைப்பும் தாளிதமும் சேர்த்தால் டிபன் பாக்ஸுக்குத் தயார்.

ஆளில்லாத வீட்டில் மின்சாரப் பாத்திரம் ஓடுவது அச்சமாக இருக்கும். அந்த அச்சம் நல்லது. சுவரிலுள்ள துளையில் நேரடியாகச் சொருகுங்கள், நீட்டிப்புக் கம்பி வேண்டாம். திரைச்சீலைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எட்டாத, சமதளமான கல்மேடையில் வையுங்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 200 வாட் குக்கர் ஐந்து மணி நேரம் முழுவேகத்தில் ஓடினாலும் ஒரு யூனிட்தான்.

மின்தடைதான் நம் ஊரில் உண்மையான சிக்கல். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்விநியோகம் நிறுத்தப்படும் பகுதிகளின் பெயரை நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று குக்கரை நம்பாதீர்கள். ஆனியில் தொடங்கும் சாரல் காலத்திலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சொல்லாமலே மின்சாரம் போகும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் நம்முடையவை. நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் காத்திருக்காமல் பருப்பைப் பிரஷர் குக்கருக்கு மாற்றி கேஸில் முடித்துவிடுங்கள். வெளியே போயிருந்து திரும்பும்போது, மின்சாரம் எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள். அரைவேக்காட்டுப் பருப்பு நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரம் தாங்காது. முழுதாக வெந்த பிறகு மின்சாரம் போயிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொதிக்கவைத்து உண்ணலாம். எண்கள் ஒளிரும் டிஜிட்டல் வகைகளில் பல, மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக ஓடத் தொடங்காது. குமிழைத் திருப்பும் பழைய வகை தொடர்ந்து ஓடும். நம் ஊருக்குக் குமிழ் வைத்ததே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நடுவில் மின்சாரம் போகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரத்தில் ஓடும் மலிவான சுவர்க்கடிகாரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

மறுநாளைக்கு

தேங்காய் அரைத்த கறி இந்த வெப்பத்தில் மாலைக்குள் நூல்விடத் தொடங்கும். எனவே இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்துச் செய்வதாக இருந்தால், தேங்காய் சேர்ப்பதற்கு முன் வெறும் வெந்த பருப்பையும் காயையும் தேவையான அளவு பிரித்து, அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் கெடாது. அன்றன்று வேண்டியதை எடுத்து அடுப்பில் கொதிக்கவைத்து, அன்றைய அரைப்பையும் தாளிதத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு நாளும் புதுக்கறி. ஒருநாள் பூண்டைக் குறைத்து நல்லமிளகு நான்கைச் சேர்த்து அரைக்கலாம். இன்னொரு நாள் தேங்காய் இல்லாமல் தக்காளியும் காயமும் சேர்த்து ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒன்றாக்கலாம். குளிர்ப்பெட்டியில் இருந்த பருப்பைச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அது சூடேறும் வேகம் போதாது. குளிர்ந்த பருப்பு களிபோல இறுகியிருக்கும். அரைக் குவளை கொதிநீர் விட்டு அடுப்பில் கிளறினால் இளகிவிடும்.

பாத்திரம் கழுவும்போது, சூடான பீங்கானைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். நன்றாக ஆறவிட்டு, பிறகு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தால் ஓரத்தில் ஒட்டிய பருப்பு தேங்காய் நாரில் தேய்த்ததும் வந்துவிடும். வெளிக்கூட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பிளக்கை உருவிவிட்டு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகே பாத்திரத்தை உள்ளே இறக்குங்கள்.